வௌவாலின் சிறகும் அதன் காயமும்

பேராதனைத் தாவரவியற் பூங்காவிலே, பகற்பொழுது முழுவதும் உயர்ந்த மரக்கிளைகளிற் கறுத்த காய்களைப் போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பழந்தின்னி வௌவால்கள், மாலை மங்கியதும் ஒவ்வொன்றாகச் சிறகை விரித்துப் புறப்படுகின்றன. மேற்கு வானத்திற் செவ்வொளி எஞ்சியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், தலைக்கு மேலாகச் செல்லும் சிறகுகளைக் கூர்ந்து நோக்குவோருக்குச் சிலவேளை ஒரு விந்தை புலப்படும். ஒரு வௌவாலின் சிறகோரம் பிளந்திருக்கும். வேறொன்றின் சிறகிலுள்ள துளையினூடே வானம் தெரியும். ஆயினும் அவை மற்றவற்றோடு சேர்ந்தே பறந்து செல்கின்றன. கிழிந்த சிறகு ஒரு வௌவாலை எவ்வாறு தாங்குகின்றது? எவ்வளவு காயத்தை அது பொறுக்கும்? எந்தக் காயம் அதன் உயிருக்கு உலை வைக்கும்? இவ்வினாக்களுக்கு விடை காணவேண்டுமாயின், முதலில் வௌவாலின் சிறகு எத்தகையது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பாலூட்டிகளுள் தன் வலிமையாற் சிறகடித்துப் பறக்க வல்லது வௌவால் ஒன்றே. உலகில் இன்று 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பாலூட்டி இனங்கள் ஐந்தினுள் ஒன்று வௌவால் என்று கூறினும் பிழையில்லை. சில கிராம் நிறையே உள்ள சிற்றினங்களும் உண்டு. சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் அகலும் பழந்தின்னிகளும் உண்டு. பெரியதாயினும் சிறியதாயினும் இவற்றின் சிறகு உண்மையில் ஒரு கையே ஆகும். மனிதனின் கையில் உள்ள மேற்கை, முன்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்கள் ஆகிய யாவும் அதிலும் உண்டு. பெருவிரல் மாத்திரம் குட்டையாய், நகத்துடன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தைப் பற்றுவதற்கு அது உதவும். ஏனைய நான்கு விரல்களும் உடலின் அளவுக்கு ஒவ்வாதவாறு நீண்டு மெலிந்து, குடையின் கம்பிகளைப் போலத் தோலைத் தாங்கி நிற்கின்றன.

அந்தத் தோலே சிறகுச் சவ்வு எனப்படுகின்றது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே முன்பக்கத்தில் அமைந்திருப்பது முன்சவ்வு. விரல்களுக்கு இடையே விரிந்திருப்பது விரலிடைச் சவ்வு. ஐந்தாம் விரலிலிருந்து உடலின் பக்கத்தையும் பின்னங்காலையும் தொட்டு நிற்பது பக்கச் சவ்வு. பெரும்பாலான இனங்களில் இரு கால்களுக்கும் இடையே வாலைத் தழுவி நிற்பது வாற்சவ்வு. இந்நான்கும் தொழிலால் வேறுபட்டவை. முன்சவ்வு, சிறகின் முன்விளிம்பை வளைத்துக் காற்றை ஒழுங்காக மேலேற்றுகின்றது. விரலிடைச் சவ்வு, சிறகடிக்கும்போது உடலை முன்னோக்கிச் செலுத்துவதிற் பெரும்பங்கு கொள்கின்றது. பக்கச் சவ்வு, உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. வாற்சவ்வு, திரும்புவதற்கும் வேகத்தைத் தணிப்பதற்கும் துணைசெய்கின்றது. ஆகவே ஒரே அளவான காயம், பட்ட இடத்தைப் பொறுத்து வெவ்வேறு விளைவுகளை உண்டாக்கும்.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இச்சவ்வு வெறும் மெல்லிய தோலாகவே தோன்றும். உண்மை அதுவன்று. மேலும் கீழுமாக இரண்டு தோற்படைகள் அமைய, அவற்றினிடையே மீள்தன்மையுள்ள நார்க்கற்றைகள் ஓடுகின்றன. சிறகை மடக்கும்போது இந்நார்கள் சுருங்கிச் சவ்வு ஒழுங்காக மடிகின்றது. விரிக்கும்போது அவை நீண்டு இடங்கொடுக்கின்றன. எலும்போடு தொடர்பே இல்லாத நுண்ணிய தசைகளும் பக்கச் சவ்வினுள்ளே உள்ளன. பறக்கும்போது அவை இறுகிச் சவ்வின் விறைப்பை வேண்டியவாறு மாற்றுகின்றன. இவற்றுக்கு உணவூட்டக் குருதிக்குழாய்கள் வலைபோற் படர்ந்துள்ளன. 1852ஆம் ஆண்டிலே வார்ட்டன் ஜோன்ஸ் என்ற மருத்துவ அறிஞர், வௌவாற் சிறகிலுள்ள நாளங்கள் தாமாகவே தாளகதியிற் சுருங்கி விரிவதைக் கண்டு வெளியிட்டார். இதயத்துக்கு வெகு தொலைவிலுள்ள சிறகின் நுனியிலிருந்தும் குருதி திரும்புவதற்கு இவ்வேற்பாடு துணையாகின்றது. சுருங்கக் கூறின், வௌவாலின் சிறகு உயிருள்ள ஒரு பாய்.

இனி, அப்பாய் கிழியும்போது நிகழ்வதென்ன என்பதை நோக்குவோம். ஒரு பிராணி காற்றில் நிலைத்து நிற்பதற்குச் சிறகு உண்டாக்கும் தூக்குவிசை அதன் பாரத்துக்கு ஈடாக இருத்தல் வேண்டும். அவ்விசை, சிறகின் பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. சிறகுப் பரப்பிற் பத்தில் ஒரு பங்கு அழிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதே பாரத்தைத் தாங்குவதற்கு அந்த வௌவால் முன்னிலும் ஏறக்குறைய 5 வீதம் கூடுதலான வேகத்திற் பறத்தல் வேண்டும். இது பெரிய மாற்றமன்று. ஆனால் திரும்பும்போதே தொல்லை வெளிப்படுகின்றது. ஒரு பறவையோ வௌவாலோ எவ்வளவு குறுகிய வட்டத்திலே திரும்பமுடியும் என்பது, சிறகின் ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்கும் பாரத்தைப் பொறுத்தது. பரப்பு பத்தில் ஒன்று குறைந்தால் அந்த வட்டம் 11 வீதம் அளவுக்கு விரிந்துவிடும். நேர்வழியிற் செல்வதற்கு இது தடையாகாது. ஆனால் வளைந்து வளைந்து ஓடும் ஓர் அந்துப்பூச்சியைத் துரத்தும் வௌவாலுக்கு, உணவு கிடைப்பதும் தவறுவதும் அந்தச் சிறு வித்தியாசத்திலேயே தங்கியிருக்கக்கூடும்.

கிழிசல் எவ்வளவு பெரிது என்பதை விட, எங்கே அமைந்தது என்பது சிலவேளை முதன்மையாகின்றது. பாய்மரத் தோணி ஓட்டுவோர் இதனை நன்கறிவர். பாயின் நடுவே ஒரு சிறு துளை விழுந்தால் காற்றிற் கொஞ்சம் வீணாகும், தோணி ஓடும். பாயின் ஓரம் அறுந்தாலோ பாய் முழுவதும் தன் விறைப்பை இழந்து படபடக்கும். வௌவாலின் சிறகும் அத்தகையதே. சவ்வின் நடுவிலுள்ள சிறு துளையினூடே, கீழிருந்து அழுத்தம் மிகுந்த காற்று மேலே கசிகின்றது. அந்த அளவுக்கே நட்டம். பின்விளிம்பு அறுந்துவிட்டாலோ, விரலுக்கும் காலுக்கும் இடையே சவ்வை இழுத்துப் பிடிக்கும் விசை அறுகின்றது. அறுந்த பகுதி காற்றிலே துடிக்கும். அதனருகே உள்ள நல்ல பகுதியும் பயன் குன்றும். மேலும், உள்ளிருக்கும் மீள்தன்மை நார்கள் அறுந்தவுடன் சுருங்கிக்கொள்வதனாற் கிழிந்த வாய் அகன்று, காயம் இருப்பதிலும் பெரிதாகத் தோன்றும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. பொதுவாக இரு சிறகுகளும் ஒரே அளவிற் கிழிவதில்லை. இடது சிறகு சேதமுற்று வலது சிறகு முழுமையாக இருந்தால், வலப்பக்கம் மிகுதியாகத் தூக்கப்படும். உடல் இடப்பக்கமாகச் சரியும். இதனைத் தடுக்க வௌவாலிடம் பறவைக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. விரல்களிலும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் பல மூட்டுகள் இருப்பதனால், ஒவ்வொரு சிறகின் விரிவையும் வளைவையும் சாய்வையும் அது தனித்தனியே மாற்றவல்லது. நல்ல சிறகைச் சற்று மடக்கியோ, சேதமுற்ற சிறகைக் கூடுதலாகச் சாய்த்தோ அது சமநிலை காணமுடியும். ஆனால் அவ்வாறு செய்வதற்காக நல்ல சிறகின் ஆற்றலில் ஒரு பகுதியைத் துறக்கவேண்டியிருக்கின்றது. திடீரெனத் திரும்ப நேரிடும்போது கைகொடுக்கவேண்டிய சேமிப்பு, சமநிலை காப்பதிலேயே செலவாகிவிடுகின்றது.

இவ்வாறு கணக்கினால் ஊகிக்கக்கூடியவை உயிருள்ள வௌவால்களிலும் மெய்யாகுமா? ஜேர்மனியைச் சேர்ந்த கிறிஸ்தியன் வோய்க்ட் என்னும் ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. அமெரிக்காக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் வாழும் இரு சிறு வௌவால் இனங்களிலிருந்து, பக்கச் சவ்வு ஒன்றின் பின்விளிம்பு கிழிந்தவற்றையும் சிறகு முழுமையாக உள்ளவற்றையும் அவர் ஒரு வட்டமான கூடத்திலே பறக்கவிட்டார். பறக்கும்போது அவற்றின் உடல் செலவிடும் சத்தையும் அளந்தார். கிழிந்த சிறகுடையவை மிகுந்த பாடுபட்டு, மிகுந்த சத்தைச் செலவிடும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். முடிவோ வேறு விதமாக இருந்தது. அவை ஏனையவற்றின் வேகத்திலேயே பறந்தன. ஆனால் குறைந்த சத்தையே செலவிட்டன.

இந்தப் புதிருக்கு விளக்கம் அவற்றின் நடத்தையிலே இருந்தது. கிழிந்த சிறகுடையவை, திரும்பிப் பறத்தலைக் குறைத்துக்கொண்டன. சுற்றிச் சுழன்று திரும்புவது சத்தை மிகுதியாக உண்ணும் செயலாதலால், அதனைத் தவிர்த்தபோது செலவும் குறைந்தது. அதுமட்டுமன்று, அவற்றின் உடல் நிறையும் மற்றவற்றிலும் குறைவாக இருந்தது. பரப்புக் குறைந்த சிறகுக்கேற்பப் பாரமும் குறைந்தது போலும். ஆயினும் அந்த இளைப்பு, இழந்த பரப்பை முற்றாக ஈடுசெய்யவில்லை. சிறகின் மீதான பாரம் நல்லவற்றிலும் சற்று மிகுந்தே இருந்தது. ஆகவே அவை செலவைக் குறைத்தது நலத்தின் அறிகுறியன்று. வருவாய் குறைந்த குடும்பம் வீட்டைவிட்டு வெளியே செல்வதைக் குறைத்துக்கொள்வது போன்றதே அது. காட்டிலே பூச்சியைத் துரத்தும்போது திரும்பாமல் இருக்க முடியாது. திரும்பத் தயங்கினால் இரை தப்பும். இரை தப்பினால் உடல் மேலும் இளைக்கும்.

இரை பிடிப்பதிற் சிறகு வெறும் ஊர்தியன்று. அதுவே வலையும் ஆகும். பூச்சியுண்ணும் வௌவால்கள் பல, பறந்துகொண்டே சிறகின் நுனியாற் பூச்சியைத் தட்டி, வாற்சவ்வைக் கூடைபோல் வளைத்து அதிலே ஏந்தி, தலையைக் குனிந்து வாயாற் கவ்விக்கொள்கின்றன. இவையனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். கூடையிலே ஓட்டை விழுந்தால் ஏந்திய இரை நழுவும். பழந்தின்னிகளுக்கு இத்தொல்லை இல்லை. மாங்கனி ஓடி ஒளிவதில்லை. ஆனால் அவை இரவுதோறும் பல மைல் தூரம் சென்று திரும்பவேண்டியவை. நெடுந்தூரப் பயணத்தில் நாள்தோறும் சேரும் சிறு நட்டமும் பெருநட்டமாகும். எனவே ஒரே காயம் ஓரினத்துக்கு வேட்டைக் குறையாகவும் மற்றோரினத்துக்குப் பயணக் குறையாகவும் அமைகின்றது.

சிறகுச் சவ்வின் மேற்பரப்பிலே கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மிக நுண்ணிய மயிர்கள் உள்ளன. இவற்றைப் பற்றிய வரலாறு சுவையானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லான்சானி, கண்ணிழந்த வௌவாலும் தடைகளில் மோதாது பறப்பதைக் கண்டு வியந்தார். பிரெஞ்சு அறிஞர் குவியே, சிறகின் தொடுபுலனே இதற்குக் காரணமென்று கருதினார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கிறிபினும் பியர்சும், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்புவதைக் கண்டறிந்தனர். அவ்வொலியின் எதிரொலியைக் கேட்டே அது வழியறிகின்றது என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. குவியேயின் கருத்துக் கைவிடப்பட்டது. ஆனாற் சிறகின் தொடுபுலன் பயனற்றதன்று. அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, அந்த நுண்மயிர்களை மாத்திரம் களிம்பு பூசி நீக்கிப் பார்த்தனர். சிறகிற் கீறல் எதுவும் இல்லை. அவ்வாறிருந்தும் வௌவால்கள் முன்னிலும் வேகமாகப் பறந்தன. தடைகளைக் கடக்கும்போது அகன்ற வளைவிலேயே திரும்பின. காற்று சிறகின்மேல் எவ்வாறு ஓடுகின்றது என்பதை அம்மயிர்களே உணர்த்துகின்றன என்பது இதனாற் பெறப்பட்டது. எனவே கிழிந்த சிறகு பரப்பை மாத்திரமன்று, காற்றை உணரும் புலனிலும் ஒரு பங்கை இழக்கின்றது.

இதுகாறும் கூறியவை சவ்வின் காயங்கள். எலும்பு முறிவு இதனினும் கொடியது. குடைத்துணி கிழிந்தாலும் குடை விரியும்; கம்பி முறிந்தால் விரியாது. விரல்களின் நுனியெலும்புகள் வளையுந்தன்மை உடையவை. அங்கே ஏற்படும் முறிவு சிலவேளை தானே பொருந்தி, வௌவால் மீண்டும் பறப்பதுண்டு. ஐந்தாம் விரல் முறிந்தால் சிறகின் வளைவை ஆளும் திறன் கெடும். மேற்கையோ முன்கையோ முறிந்தாற் சிறகு முழுவதும் செயலற்றுப்போகும். தரையில் விழுந்த வௌவாலுக்கு எறும்பும் பூனையும் காகமும் எமனாகிவிடும்.

எனினும் இயற்கை வௌவாலுக்கு ஒரு பெருங்கொடையை வழங்கியிருக்கின்றது. வண்ணத்துப்பூச்சியின் சிறகு கிழிந்தாற் கிழிந்ததே. பறவையின் இறகு முறிந்தால், அது விழுந்து வேறிறகு முளைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். வௌவாலின் சவ்வோ உயிருள்ள தோலாதலால், காயத்தின் விளிம்புகளிலிருந்து புதுத்தோல் உள்நோக்கி வளர்ந்து துளையை மூடிவிடுகின்றது. ஆய்வுக்காக எடுக்கப்படும் சில மில்லிமீற்றர் அகலமான துளை, சில வாரங்களில் மறைந்துவிடும். புதிதாக மூடிய இடம் முதலில் நிறம் வெளிறித் தோன்றும். அதனாற் பழைய காயங்களையும் அடையாளம் காணலாம். கனடாவிலே பெரிய கபில வௌவால்களை ஆராய்ந்தோர், வாற்சவ்வின் காயம் சிறகுச் சவ்வின் காயத்திலும் விரைவாக ஆறுவதை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆறும் வேகமும் இடத்துக்கிடம் வேறுபடுகின்றது என்பது இதனால் தெளிவாகும்.

ஆனாற் காயம் ஆறுவதற்கு உணவு வேண்டும். உணவுக்குப் பறத்தல் வேண்டும். பறப்பதற்குச் சிறகு வேண்டும். காயமுற்ற வௌவாலின் வாழ்வு இந்த வட்டத்தினுள்ளேயே சுழல்கின்றது. காயம் சிறிதாயின் வட்டம் நன்மையின் பக்கம் திரும்பும். பெரிதாயின் தீமையின் பக்கம் திரும்பும்.

இவ்வட்டம் எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு வட அமெரிக்காவிற் பரவிய வெண்மூக்கு நோய் சான்றாகும். நியூயோர்க் மாநிலத்துக் குகையொன்றில் 2006ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்திலேயே அதன் அறிகுறி முதன்முதலாகக் காணப்பட்டது. குளிர்காலத்தில் உறங்கும் வௌவால்களின் மூக்கிலும் சிறகிலும் ஒருவகைப் பங்கசு படர்ந்து, சவ்வினுள்ளே ஊடுருவுகின்றது. உறக்கம் கலைந்து, சேமித்த கொழுப்புத் தீர்ந்து, இலட்சோப இலட்சம் வௌவால்கள் மாண்டன. பிழைத்தவையும் நலமாக வெளிவரவில்லை. வசந்தத்தில் அவற்றின் சிறகுகள் வடுவும் துளையுமாய் இருந்தன. பொஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றைச்சர்ட், குன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில், சிறகின் சேதத்தைப் பூச்சியத்திலிருந்து மூன்று வரை மதிப்பிடும் அளவையொன்றை வகுத்தனர். உடல் மெலிந்து, சிறகு பழுதுற்ற அந்த வேளையிலேயே பெண்வௌவால்கள் குட்டியீன்று பாலூட்டவேண்டியும் இருந்தது. அவ்வினத்திலே தாய் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஒரு கோடையை இழந்தால் ஒரு தலைமுறையின் ஒரு பங்கை இழந்ததாகும். எனினும் 2011ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு ஓர் ஆறுதலைத் தந்தது. வசந்தத்திற் சிறகு பழுதுற்றிருந்த சிறிய கபில வௌவால்கள் பல, போதிய உணவு கிடைத்தபோது விரைவிற் குணமடைந்தன.

நோயினால் மாத்திரமன்று, மனிதனின் வேலிகளாலும் கம்பிகளாலும் சிறகு கிழிகின்றது. அவுஸ்திரேலியாவிலே பழந்தின்னிகள் முட்கம்பி வேலிகளிற் சிக்கி, விடுபட முயலும்போதே தம் சவ்வைச் சிதைத்துக்கொள்கின்றன. குருதியோட்டம் தடைப்பட்ட பகுதி சில நாட்கள் கழித்தே கருகி உதிர்வதனால், சிக்கலிலிருந்து மீட்டவுடன் காயத்தின் அளவைக் கூறிவிட முடியாது. பழமரங்களின் மேல் தளர்வாகப் போர்த்தும் வலையும் அவ்வாறே. இங்கிலாந்தில் வீட்டுப் பூனைகளின் நகமும் பல்லும் சிறு வௌவால்களின் சிறகைக் கிழிக்கின்றன. இலங்கையில் வீதியோர மின்கம்பிகளிற் பட்டுப் பழந்தின்னிகள் இறந்து தொங்கும் காட்சி பலரும் கண்டதே. அருகருகே ஓடும் இரு கம்பிகளை அகன்ற சிறகு ஒருங்கே தொட்டுவிடும்போது, காயம் என்ற பேச்சுக்கே இடமில்லாது போகின்றது.

சிறகொடிந்து தரையிற் கிடக்கும் வௌவாலைக் காண்போர் இரக்கத்தால் உடனே கையிலெடுக்கலாகாது. பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் கிடைத்த பழந்தின்னிகளில், விசர்நாய்க்கடி வைரசுக்கு உறவான ஒரு வைரசு இனங்காணப்பட்டு, 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆதலால் வெறுங்கையால் தொடுவதைத் தவிர்த்து, பிள்ளைகளையும் பூனை நாய்களையும் விலக்கி, காற்றுப் புகும் பெட்டியொன்றால் மெல்ல மூடிவைத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவித்தலே தக்கது. கடியோ கீறலோ பட்டுவிட்டால், சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

வௌவாலைக் கண்டு அருவருப்போர் பலர். ஆயினும் இரவிற் பூச்சிகளை உண்டு பயிரைக் காப்பதும், பூவிலிருந்து பூவுக்கு மகரந்தத்தைச் சுமப்பதும், காட்டிலே விதையைத் தூவுவதும் அந்தச் சிறகுகளே. துளை விழுந்தாற் பயணத்தை மாற்றியும், உடல் மெலிந்தும், தோலை மீண்டும் நெய்தும் அவை தொழிலைத் தொடர்கின்றன. வேலியில் முட்கம்பிக்குப் பதிலாக மழுங்கிய கம்பியை இடுவதும், பழமரத்து வலையை இறுக்கிக் கட்டுவதும், மின்கம்பிகளை அகல அமைப்பதும், அந்தி வேளையிற் பூனையை வீட்டினுள் வைத்திருப்பதும் மனிதராற் செய்யக்கூடிய சிறு காரியங்களே. தானே ஆறக்கூடிய காயத்தை ஆற்றிக்கொள்ள வௌவாலுக்குத் தெரியும். ஆற முடியாத காயத்தை அதற்கு உண்டாக்காதிருப்பது மனிதரின் கடன்.